குறுக்கே பேசாத ஆஸ்பத்திரி

வெர்னெல் டிப்ஸுக்கு அடிவயிற்றில் வலி என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி மிகவும் மகிழ்ந்தது.

மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. லாசன்வில் ஊரின் மேட்டில் நிற்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, 'கறுப்பினப் பெண்கள் நலவாழ்வு மையம்' என்று ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தது. மேயர் ரிப்பன் வெட்டினார், பாதிரியார் ஜெபித்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடினார்கள். எல்லாம் ஆயிற்று. கறுப்பினப் பெண் ஒருத்தியும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அவர்களுக்காகக் காய்ச்சிய செம்பருத்தித் தேநீர் தினமும் ஆறிப்போயிற்று. சாயங்காலம் அதைக் காவலாளிகள் குடித்தார்கள். அப்படிப்பட்ட வேளையில்தான் வெர்னெல், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

வரவேற்பில் இருந்த பெண் எழுந்து, மேசை மேலிருந்த வெண்கல மணியை அடித்தாள். உள்ளேயிருந்து நான்கு பேர் ஓடிவந்து கைதட்டினார்கள். பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று வெர்னெல் ஒதுங்கி வழிவிட்டாள். பின்னால் யாரும் இல்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு வருஷமாகவே மாதவிடாய் என்பது அவளுக்கு மாதத்தில் பாதி நாள் விருந்தாளியாகிவிட்டது. கறுப்புக் கால்சட்டைதான் போடுவாள். ஓட்டுநர் இருக்கையில் கறுப்புத் துண்டு விரித்துத்தான் உட்காருவாள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தும்வரை எழுந்திருக்க மாட்டாள். எழுந்த பிறகு துண்டைப் பார்க்கவும் மாட்டாள், சுருட்டிப் பையில் திணித்துவிடுவாள். அடிவயிற்றில் கல் மாதிரி எதுவோ வளர்ந்துகொண்டிருந்தது. படுத்தால் கையில் தட்டுப்பட்டது. முப்பத்தைந்து வயதில் ரோஸ்கோவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, அந்த இடத்தில் வேறொன்று வளரும் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். டயர் கடை வைத்திருக்கும் ரோஸ்கோ, தொட்டில் செய்யலாமென்று வாங்கிய பலகையைக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மையத்துக்குப் போ என்று சொன்னது சார்லெய்ன். வெர்னெல்லின் பெரியம்மா மகள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வளர்ந்தவர்கள். சார்லெய்ன் படித்தாள், கோட்டு போட்டாள், இப்போது அந்த மையத்துக்கே இயக்குநர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வெளியே வந்தபோது வெர்னெல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவள்தான் சொன்னாள்.

"ஏண்டி இப்படி வெளுத்துப்போய் நிக்கிற? அக்கா அங்க என்னத்துக்கு இருக்கேன்? நாளைக்கே வா. உனக்காகத்தான்டி அந்த இடமே."

உனக்காகத்தான் என்றது வெர்னெல்லுக்கு இனித்தது. அவள் அம்மா காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் கறுப்பர்களுக்குப் பக்கவாசல். இப்போது தனிவாசலே கட்டியிருந்தார்கள். வாசலில் நீரூற்றுகூட இருந்தது.

அவள் தோளில் பல வண்ணச் சால்வை ஒன்றைப் போர்த்தி, தேநீர் கொடுத்து, ஒரு பெரிய மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதன் பெயர் 'கேட்கும் நாற்காலி'. எதிரே மேகன் என்ற இளம்பெண் ஒருத்தி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. நான் கேக்கிறேன்."

வெர்னெல் சொன்னாள். துண்டைப் பற்றிச் சொன்னாள், கல்லைப் பற்றிச் சொன்னாள், ஐஸ்கட்டியைக் கறுக்குமுறுக்கென்று மென்று தின்னத் தோன்றுகிறது, பாத்திரம் பாத்திரமாகத் தின்கிறேன் என்று சொன்னாள். மேகன் அத்தனைக்கும் தலையாட்டினாள். மிக அழகாகத் தலையாட்டினாள். அதற்காகவே அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கடைசியில் அவள் கண்கள் கலங்கின.

"நீங்க எவ்வளவு பலசாலி."

"அது கிடக்கட்டும்மா. டாக்டர் எப்ப வருவாரு?"

மேகன் திகைத்தாள். அந்தக் கேள்வி பயிற்சியில் இல்லை.

"டாக்டர் இங்க இல்லீங்களே."

"லீவா?"

"இல்லீங்க. இந்த மையத்துல டாக்டரே கிடையாது. கறுப்பினப் பெண்கள் பேச ஆரம்பிச்சா டாக்டருங்க குறுக்க பேசிடறாங்க, காது கொடுக்கிறதே இல்லைன்னு பெரிய புகார் வந்துச்சு. ஆஸ்பத்திரி அதை ரொம்ப தீவிரமா எடுத்துக்கிச்சு. அதனால டாக்டருங்களை எடுத்துட்டாங்க. இப்ப யாரும் உங்க குறுக்க பேச மாட்டாங்க."

வெர்னெல் யோசித்துப் பார்த்தாள். அதில் தப்பு எங்கே இருக்கிறதென்று சட்டென்று பிடிபடவில்லை. படித்தவர்கள் செய்தது, காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தாள்.

வெளியே வரும்போது சார்லெய்ன் கட்டிக்கொண்டாள். "உன் பேரை அறுவை சிகிச்சைக்காரங்களுக்கு அனுப்பிடறேன். வரிசை நீளம், கொஞ்சம் பொறுத்துக்கணும். அதுவரைக்கும் வாராவாரம் இங்க வந்துட்டு போ. மனசு லேசாகும்."

வாராவாரம் வந்தாள். மெல்ல மெல்ல வேறு சிலரும் வந்தார்கள். அவர்களை வட்டமாகப் பாயில் உட்காரவைத்து 'வலியோடு நட்பு' என்று ஒரு வகுப்பு நடந்தது. கலிபோர்னியாவிலிருந்து தருவித்த பயிற்சியாளர் அதை நடத்தினார். வலியை எதிரியாகப் பார்க்கக் கூடாது, அதற்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற தபால்காரி லுவென்யாதான் முதலில் கையைத் தூக்கினாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு, முழங்கால் வீக்கம், எல்லாம் உண்டு.

"என் வலிக்கு ஜெரால்டுன்னு பேரு வைக்கிறேன். என் முதல் புருஷன் பேரு."

"அருமை. ஏன் அந்தப் பேரு?"

"ரெண்டும் சொல்லிட்டு வர்றதில்ல. வந்தா எந்திரிச்சு போறதும் இல்ல. ராத்திரியில தூங்கவும் விடாது. ஆனா ஒண்ணு, ஜெரால்டைத் துரத்த ஒரு வக்கீல் கிடைச்சாரு. இதுக்கு ஒரு டாக்டரைக் காட்டுங்களேன்."

பயிற்சியாளர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, கோபத்துக்கும் ஒரு பெயர் வைக்கச் சொன்னார்.

வெர்னெல் தன் வலிக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. பெயர் ஒன்று யோசித்து வைத்திருந்தாள், அது வேறொருவருக்கு.

பிறகு அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. மேகனிடம் சொன்னாள். மேகன் தலையாட்டிவிட்டு மேலிடத்தில் கேட்டு வந்தாள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கென்று ஒரு யோகாசனம் கற்றுக்கொடுத்தார்கள், தரையில் படுத்துக்கொள்வது. வெர்னெல் அதை மிகச் சிறப்பாகச் செய்தாள். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அந்த வாரத்தில்தான் போட்டோ எடுத்தார்கள். "சிரிக்க வேண்டாம். பெருமிதமா, தூரமா, எதிர்காலத்தைப் பார்க்கிற மாதிரி பாருங்க" என்றான் போட்டோக்காரன். வெர்னெல்லுக்குக் கிட்டே இருந்ததெல்லாம் சுழன்றதால் தூரமாகத்தான் பார்க்க முடிந்தது. போட்டோ பிரமாதமாக வந்தது. நெடுஞ்சாலைப் பலகையிலும், நகரப் பேருந்துகளின் முதுகிலும், தேவாலயத்துக்கு எதிரே உள்ள சுவரிலும் அவள் முகம் ஏறியது. அடியில் பெரிய எழுத்தில்: அவள் சொன்னாள். நாங்கள் கேட்டோம்.

ஒடெஸ்ஸாவின் முடியலங்காரக் கடைக்குப் போனபோது ஒரே கலாட்டா.

"வாங்க மகாராணி. உக்காருங்க. உங்க தலையைத் தொட நான் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் ஒடெஸ்ஸா. சீப்பால் தலையை வகிர்ந்தவள், கை நிறையக் கழன்று வந்த முடியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி வெர்னெல், அவங்க கேட்டாங்க, சரி. கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

"பலசாலின்னு சொன்னாங்க."

"அதைத்தான் கோவேறு கழுதைக்கும் சொல்லுவாங்க. சொல்லிட்டு மூட்டையை ஏத்துவாங்க."

"அக்கா என் பேரை ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கா, ஒடெஸ்ஸா. வரிசைதான் நீளம்."

"உங்க அக்கா சொல்லிட்டாளா. அப்ப சரி" என்றாள் ஒடெஸ்ஸா. பின்னலில் இறங்கினாள்.

வரிசை நகரவில்லை. ஒரு நாள் வெர்னெல் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரியின் முன்வாசல் வழியாகவே போனாள். அங்கே உட்கார்ந்திருந்த ஆள் அவள் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு மலர்ந்தார்.

"அட, நீங்களா. வர்ற வழியில தினமும் உங்களைத்தான் பார்க்கிறேன். நீங்க எதுக்கும்மா இந்த வாசலுக்கு வர்றீங்க? உங்களுக்குன்னு தனி மையம் இருக்கே."

"அங்க டாக்டர் இல்லையே."

"இங்க டாக்டர் இருக்காங்க. ஆனா உங்களுக்குத் தனி மையம் இருக்கே" என்றார் அவர் மறுபடியும், மிகுந்த அன்போடு. ஒருவரை அனுப்பி, அவளை நீரூற்று வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார்.

அன்று சார்லெய்னிடம் வெர்னெல் கொஞ்சம் அழுதாள். சார்லெய்ன் அவள் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"வரிசைன்னா வரிசைதாம்மா. நம்ம சொந்தம்னு நான் உன்னை முன்னாடி தள்ளிவிட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? விருது விழா முடியட்டும். அந்த வாரமே நான் நேர்ல போய்ப் பேசறேன்."

விருது விழாவை ஆஸ்பத்திரியின் கண்ணாடிக்கூடத்திலேயே வைத்திருந்தார்கள். மையத்துக்குப் பண உதவி செய்யும் அறக்கட்டளைக்காரர்கள், மேயர், பல மாநிலத்து ஆஸ்பத்திரித் தலைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வெர்னெல்லுக்கு 'தளராத மங்கை' விருது. வெள்ளைக் கவுன் ஒன்றை மையமே அனுப்பியிருந்தது. வெள்ளை வேண்டாமென்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மேடையின் பின்திரை கறுப்பு, வெள்ளை உடுத்தினால்தான் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

விருது பெறுகிறவர் பேச்சு முடியும்வரை மேடையில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆஸ்பத்திரித் தலைவர் பிரெஸ்டன் ஆல்கட் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். உயரமானவர், வெள்ளைக்காரர், நல்ல குரல்.

"நண்பர்களே, இந்த மையம் இருக்கும் தளத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? பிரசவ வார்டு. ஒரே கூச்சல். இரவும் பகலும் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த வார்டை மூடுவதென்று கனத்த இதயத்தோடு முடிவெடுத்தோம். இன்று அங்கே போய்ப் பாருங்கள், நீரின் ஓசை மட்டும்தான் கேட்கிறது." கைதட்டல். "திறந்த நாள் முதல் பல ஆயிரம் மணி நேரம் கேட்டிருக்கிறோம். கேட்டது எதிலும் நாங்கள் குறுக்கிடவில்லை. மையத்துக்கு வந்த பெண்களில் ஒருவருக்குக்கூட நாங்கள் தவறான சிகிச்சை அளித்ததில்லை. இந்த நாட்டில் வேறெந்த ஆஸ்பத்திரி இப்படி மார்தட்ட முடியும்?" பெரிய கைதட்டல். "என் வாழ்க்கையில் நான் சந்தித்த மிகப் பலமான பெண்கள் கறுப்பினப் பெண்கள். அவர்கள் எவ்வளவு தாங்குகிறார்கள் என்று பார்க்கப் பார்க்க, இன்னும் எவ்வளவு தாங்குவார்கள் என்று வியப்பாக இருக்கிறது."

வெர்னெல் கீழே பார்த்தாள். கவுனின் ஓரத்தில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் இருந்த சார்லெய்னும் அதைப் பார்த்துவிட்டாள். அக்காவின் கண்ணும் தங்கையின் கண்ணும் சந்தித்தன. சார்லெய்ன் எழுந்திருக்கப் போகிறாள் என்று வெர்னெல் நினைத்தாள். அவள் இரண்டு கையையும் மெல்லத் தாழ்த்தி, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சைகை காட்டினாள்.

வெர்னெல் விழுந்தாள்.

உணர்ச்சிப் பெருக்கில் மண்டியிட்டுவிட்டாள் என்று கூட்டம் நினைத்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அறக்கட்டளைத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கைதட்டலுக்குள் பின்வரிசையில் இருந்த ரோஸ்கோ நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி மேடையேறி அவளைத் தூக்கினான்.

அவசர சிகிச்சைப் பிரிவு கீழ்த்தளத்தில்தான் இருந்தது. ஆனால் வழியெல்லாம் கார்கள். விருந்தினர்கள் நிறுத்த இடமில்லையென்று அன்று மாலை ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள்; உள்கதவையும் பாதுகாப்புக்காகப் பூட்டியிருந்தார்கள். காவலாளி சாவி தேடப் போனான். மேகன் ஓடி வந்தாள். கையில் சால்வை.

"இவங்களை எங்க படுக்க வைக்கட்டும்? சொல்லுங்க, நான் கேக்கிறேன்" என்றாள் அழுதுகொண்டே. பாவம், அவளுக்கு வேறெதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ரோஸ்கோ சாவிக்குக் காத்திருக்கவில்லை. தன் பழைய டிரக்கில் அவளைப் படுக்கவைத்துப் பக்கத்து மாவட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியில் சந்திப்புக்குச் சந்திப்பு விளக்கு வெளிச்சத்தில் வெர்னெல்லின் முகம் பெரிதாக நின்று எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த முகம் எதையும் பார்க்கவில்லை.

அங்கே டாக்டர் யூஜினியா மெக்ரே என்றொரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும், கறுப்பினத்தவர், வெடுக்கென்று பேசுகிறவர். வெர்னெல் வாயைத் திறந்தபோது பாதியிலேயே குறுக்கிட்டார்.

"எவ்வளவு நாளா? ஐஸ் தின்னீங்களா? ரத்தசோகைதான். இங்க வலிக்குதா? சரி, பேசாதீங்க. ரத்தம் ஏத்துங்க" என்று நர்ஸைப் பார்த்துச் சொன்னார்.

தன் வயிற்றில் ஒரு கை பட்டதும் வெர்னெல்லுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் அங்கே யாரும் தொட்டதில்லை.

கட்டியை மட்டும் எடுக்க முடியவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் ரத்தம் நிற்கும் என்றார் டாக்டர். ரோஸ்கோ கையெழுத்துப் போட்டான். மறுநாள் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் மெக்ரே வந்து கட்டிலோரமாக நின்றார்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். ஏன் வரல?"

"வரிசையில இருந்தேன் டாக்டர்."

"எந்த வரிசை? மேட்டு ஆஸ்பத்திரியில எங்கூடப் படிச்சவர்தான் ஆபரேஷன் பண்றாரு. காலையில பேசினேன். ரெண்டு வாரத்துக்குமேல அங்க யாரும் காத்திருந்ததில்லைங்கறாரு. உங்க பேரு அவர்கிட்ட வரவே இல்ல."

டாக்டர் போன பிறகு வெர்னெல்லுக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. ஏமாந்தவளுக்கு ஏன் வெட்கமாக இருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

அன்று பிற்பகல் சார்லெய்ன் வந்தாள். கையில் பூச்செண்டு, பின்னால் போட்டோக்காரன்.

"அந்த ஆளை வெளியே போகச் சொல்லு" என்றாள் வெர்னெல்.

சார்லெய்ன் அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என் பேரை அனுப்பினியா, அக்கா?"

பூச்செண்டை எங்கே வைப்பதென்று சார்லெய்னுக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அனுப்பல."

"ஏன்?"

"நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையா கேளு. மையத்துக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர் ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் செலவுன்னு போகாம நல்லா இருக்காங்கன்னுதான் மேல பார்க்கிறாங்க. ஒருத்தியை அறுவை சிகிச்சைக்கு அனுப்பினா அது மையத்தோட தோல்வி. அதுலயும் நீ யாரு? ஊர் முழுக்க உன் முகம். உன்னையே அனுப்பினா அதுக்கு என்ன அர்த்தம் வெர்னி?"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்."

"அந்த நிர்வாக மாடியில நம்ம நிறத்துல நான் ஒருத்திதாண்டி உக்காந்திருக்கேன். கணக்கு குறைஞ்சா இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நம்ம பொம்பளைங்களுக்கு என்ன இருக்கும்?"

"இப்ப என்ன இருக்கு?"

சார்லெய்ன் அவள் கையைப் பிடித்தாள். "நீ தாங்குவேன்னு நினைச்சேன். சின்ன வயசுல இருந்து எதையும் தாங்கறவ நீ. அந்த வலி எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? எனக்கும் இதே கட்டிதான். நானும் துண்டு விரிச்சு உக்காந்தவதான்."

"உனக்கா? எப்ப?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது சார்லெய்னுக்கு உறைத்தது. "மையம் திறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"என்ன பண்ணின?"

"அட்லாண்டாவுக்குப் போய் எடுத்துட்டு வந்துட்டேன்."

வெர்னெல் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அட்லாண்டா போற வழி எனக்கும் தெரியும், அக்கா. நீ சொல்லியிருந்தா வண்டியை நானே ஓட்டியிருப்பேன்."

மேட்டு ஆஸ்பத்திரி இந்தச் சம்பவத்தைச் சும்மா விடவில்லை. அவசரக் கூட்டம் போட்டது. பலகைகளில் 'நாங்கள் கேட்டோம்' என்பதன் மேல் ஒரு தாளை ஒட்டி, 'அவள் மீண்டாள்' என்று மாற்றியது. நம்பிக்கை இழந்த பெண்களுக்காக 'நம்பிக்கை மீட்பு வட்டம்' என்று புதிதாக ஒன்று தொடங்கி, முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வெர்னெல்லையே அழைத்தது. அவள் போகவில்லை. ஒடெஸ்ஸாவின் கடை நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததை ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் ஒரே தடவை சொன்னாள். அந்தக் கடையில் ஒரு தடவை சொன்னால் போதும். அடுத்த வாரமே மையத்துப் பாய்கள் காலியாகிவிட்டன. லுவென்யா தன் ஜெரால்டைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டாள்.

பெண்கள் யாரும் வராததை ஆல்கட் ஆண்டுக் கூட்டத்தில் மறைக்கவில்லை. "இன்று நம் மையத்தை நாடி வரும் நோயாளியே இல்லை. இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா?" என்றார். சார்லெய்னுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

குடும்ப விருந்துகளில் வெர்னெல் மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள், சார்லெய்ன் இந்தக் கோடியில். பெரியம்மா நடுவில் உட்கார்ந்து சோளரொட்டியை இரண்டு பக்கமும் நகர்த்தினாள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

குளிர்காலம் கழிந்து தெருவோர மரங்கள் பூத்த ஒரு சனிக்கிழமை, வெர்னெல் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது சார்லெய்னின் கார் வந்து நின்றது. இறங்கி வந்தவள் வேலிக்கு வெளியிலேயே நின்றாள். கோட்டு இல்லை, முகத்தில் பூச்சு இல்லை.

"அந்த டாக்டரம்மா பேரு என்னன்னு சொன்ன?"

"எந்த டாக்டரம்மா?"

"உன்னைக் காப்பாத்தினவங்க."

"எதுக்கு?"

சார்லெய்ன் காரைத் திரும்பிப் பார்த்தாள். முன் இருக்கையில் அவள் மகள் ஜாய்ஸ்லின் கண்ணாடியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். வெர்னெல்லின் மடியில் வளர்ந்தவள். அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

"ரெண்டு நாளா எந்திரிக்க முடியல அவளால."

"உன் மையத்துக்குக் கூட்டிட்டுப் போறதுதானே."

சார்லெய்ன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றதை வெர்னெல் பார்த்தாள். பார்த்ததில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. வரும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தாள்.

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு அவள் கேட்டைத் திறந்தாள்.

"சாவியைக் கொடு. நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காரு."

"வெர்னி, நான் உன்கிட்ட..."

"என்கிட்ட எதுவும் சொல்லாத. புள்ளைக்காக வர்றேன். உன்னை மன்னிச்சிட்டேன்னு யார்கிட்டயும் போய்ச் சொல்லிடாத."

வழியில் ஜாய்ஸ்லின் ஒரு தடவை, "சித்தி, கொஞ்சம் மெதுவா" என்றாள். வெர்னெல் மேடுபள்ளம் பார்த்து ஓட்டினாள்.

டாக்டர் மெக்ரே பெண்ணைப் படுக்கவைத்தார். வயிற்றில் கைவைத்து அழுத்தி, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டார். ஜாய்ஸ்லின் "ஆங்" என்று முனகினாள். "சினைப்பையில கட்டி முறுக்கிக்கிட்டிருக்கு போல. ஸ்கேன் எடுத்துட்டு இன்னிக்கே ஆபரேஷன். நல்லவேளை, இன்னிக்காவது கொண்டுவந்தீங்க" என்றவர், நர்ஸிடம் ஏதேதோ சொல்லிவிட்டுச் சார்லெய்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு, அம்மாவா?"

"ஆமா டாக்டர்."

"என்ன வேலை பண்றீங்க?"

சார்லெய்ன் வாயைத் திறந்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"மேட்டு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறாங்க" என்றாள் வெர்னெல்.

"அப்படியா. அங்க எந்தப் பிரிவு?" என்று கேட்டார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

இதற்கு வெர்னெல் உதவவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.